முதுமையில் பார்வை: கீரையும் மாத்திரையும்

தென்னிந்தியாவின் 5 கிராமங்களைச் சேர்ந்த 798 பேர், ஐந்து ஆண்டுகள், வாரத்துக்கு மூன்று முறை ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார்கள். எல்லோரும் 35 முதல் 50 வயதுக்குள் இருந்தவர்கள். ஒரு பிரிவினருக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ மூன்றும் சேர்ந்த மாத்திரை. மற்றொரு பிரிவினருக்குப் பார்வைக்கு அதேபோல இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது போகிறது என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது, கண்ணைப் பரிசோதித்தவருக்கும் தெரியாது. ஐந்து ஆண்டு முடிவில் கண்புரை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டபோது இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்களும் பங்கேற்ற இந்த ஆய்வு 2006-இல் வெளியானது.

2011-இல் இன்னோர் ஆய்வு வந்தது. வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் 60 வயதைக் கடந்த 5,638 பேரின் ரத்தத்தில் வைட்டமின் சி அளவைப் பார்த்து, கண்ணையும் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் இந்தச் சத்து மிகக் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அதிகமாக இருந்தவர்களுக்குக் கண்புரை இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு.

சத்து உள்ளவர்களுக்குப் புரை குறைவு. ஆனால் சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் பயன் இல்லை. இந்த இரண்டு முடிவுகளையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? கண்ணைக் காக்கும் என்று சொல்லி விற்கப்படும் தாவரச் சத்து மாத்திரைகள் பற்றிய மொத்த விவாதமும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் இதற்குப் போதுமான அளவு பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதில் மருந்துக்கடைக்குச் செல்பவர்களிடம் வந்து சேரவில்லை என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

எந்த நோய்?

வயதானால் பார்வை மங்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதற்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. கண்புரையில் கண்ணின் வில்லை மங்குகிறது. கண் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவில், கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு சிறிது சிறிதாக அழிகிறது. பக்கப்பார்வை முதலில் போகும், நோயாளிக்குத் தெரியாது. மூன்றாவது, மாகுலா சிதைவு. விழித்திரையின் நடுவில் மாகுலா என்ற சிறு பகுதி உண்டு. படிப்பதும் முகம் அறிவதும் ஊசியில் நூல் கோப்பதும் அதன் வேலை. அது கெட்டால் பார்வையின் நடுப்பகுதி மறைந்துபோகும். உலகில் சுமார் 19.6 கோடிப் பேருக்கு 2020-இல் ஏதோவொரு கட்டத்தில் மாகுலா சிதைவு இருக்கும் என்றும், 2040-இல் அது 28.8 கோடி ஆகும் என்றும் 2014-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு மதிப்பீடு வெளியானது.

மூன்றும் பாதிக்கும் இடம் வேறு, காரணம் வேறு, சிகிச்சை வேறு. ஆகவே "கண்ணுக்கு நல்லது" என்று ஒரே வரியில் மூன்றுக்கும் வாக்குக் கொடுக்கும் எந்த மாத்திரையையும் முதலிலேயே சந்தேகப்பட வேண்டும்.

செண்டுமல்லியின் மஞ்சள்

மூன்றில் மாகுலா சிதைவுக்கும் தாவரங்களுக்கும் உள்ள உறவுதான் அறிவியல்படி வலுவானது. மாகுலா மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் இலைகளில் இருக்கும் சாந்தோபில் வகை நிறமி என்பதை 1945-இல் ஜார்ஜ் வால்ட் சுட்டினார். பார்வையின் வேதியியலை ஆராய்ந்ததற்காக 1967-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்த நிறமி லூட்டின், சியாசாந்தின் என்ற இரண்டும் சேர்ந்தது என்பதை 1985-இல் போன், லாண்ட்ரம் ஆகியோர் அடையாளம் கண்டார்கள்.

நம் உடலால் இவற்றை உண்டாக்க முடியாது. உணவில் வரும் பல கரோட்டினாய்டு நிறமிகளில் இவற்றை மட்டும் கண் தேர்ந்தெடுத்து மாகுலாவில் சேர்த்துவைக்கிறது. அங்கே அவை இரண்டு வேலை செய்கின்றன. விழித்திரையைத் தாக்கும் நீல ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாக்கும் வேதிச் சிதைவைத் தணிக்கின்றன.

1994-இல் ஜொஹான்னா செடன் குழுவினர் அமெரிக்காவில் முற்றிய மாகுலா சிதைவு உள்ள 356 பேரையும், அந்நோய் இல்லாத 520 பேரையும் ஒப்பிட்டார்கள். கரோட்டினாய்டு நிறைந்த உணவை மிக அதிகம் உண்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட நோய் வாய்ப்பு 43 சதவீதம் குறைவாக இருந்தது. கீரை உண்பதோடு இந்தத் தொடர்பு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

இந்தக் கண்டுபிடிப்பு ஒரு பெரிய வணிகத்துக்கு வழிவிட்டது. லூட்டினை மலிவாகப் பிரித்தெடுக்க ஏற்ற மூலம் செண்டுமல்லி. தாளவாடி, சத்தியமங்கலம் வட்டாரத்திலும் எல்லைக்கு அப்பால் சாமராஜநகர்ப் பக்கமும் விளையும் செண்டுமல்லியில் ஒரு பங்கு, பூச்சந்தைக்குப் போகாமல் நிறமி பிரிக்கும் ஆலைகளுக்குப் போகிறது. உலகெங்கும் கண் மாத்திரைகளில் இருக்கும் லூட்டின் பெரும்பாலும் இந்தப் பூவிலிருந்து வருவதே.

இரண்டு பெரிய சோதனைகள்

கீரை உண்டவருக்கு நோய் குறைவு என்பதிலிருந்து மாத்திரை நோயைக் குறைக்கும் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் அதைச் செய்தது. ஏரெட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. ஆய்வின் மாகுலா சிதைவுப் பிரிவில் 55 முதல் 80 வயது வரையிலான 3,640 பேர் இருந்தார்கள். மாத்திரையில் நாள் ஒன்றுக்கு வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 அலகு, பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம், துத்தநாகம் 80 மில்லிகிராம், செம்பு 2 மில்லிகிராம் இருந்தன.

நடுத்தரக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு, அதாவது விழித்திரையின் அடியில் ட்ரூசன் எனப்படும் மஞ்சள் படிவுகள் பெரிதாகத் திரண்டிருந்தவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றிவிட்டவர்களுக்கும், ஐந்து ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. தொடக்கக் கட்டத்தில் இருந்தவர்களிடம் பயன் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துத்தநாகம் மட்டும் எடுத்தவர்களுக்கு 21 சதவீதமும், வைட்டமின்களும் பீட்டா கரோட்டினும் மட்டும் எடுத்தவர்களுக்கு 17 சதவீதமும் குறைந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் முழுப் பயன். ஆகவே துத்தநாகமே இல்லாமல், தாவரச் சாறு மட்டுமே உள்ள மாத்திரையை வாங்குபவர், சோதித்து நிறுவப்பட்ட மருந்தை வாங்கவில்லை.

ஏரெட்ஸின் இரண்டாவது சோதனை 2006-இல் தொடங்கி 2013-இல் முடிவு கண்டது. 82 மையங்கள், 4,203 பேர். ஏற்கெனவே இருந்த கலவையோடு லூட்டின் 10 மில்லிகிராமும் சியாசாந்தின் 2 மில்லிகிராமும் சேர்த்துப் பார்த்தார்கள். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒமேகா-3 ஒரு பயனும் தரவில்லை. லூட்டினைக் கூடுதலாகச் சேர்த்ததிலும், எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, திட்டவட்டமான கூடுதல் பயன் இல்லை. ஆனால் உணவில் இந்த நிறமிகள் மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரிடம் மட்டும் நோய் முற்றுவது 26 சதவீதம் குறைந்திருந்தது. தட்டில் கீரை இல்லாதவருக்குத்தான் மாத்திரையால் நிரப்ப ஓர் இடம் இருந்தது என்று இதைப் படிக்கலாம்.

2024-இல் அதே ஆய்வுகளின் படங்களை மறுபடி அளந்தபோது இன்னொரு நம்பிக்கை கிடைத்தது. உலர்வகை மாகுலா சிதைவு முற்றி, ஆனால் மாகுலாவின் நடுப்புள்ளியை இன்னும் தொடாதவர்களிடம், அச்சிதைவு நடுப்புள்ளியை நோக்கி நகரும் வேகத்தை இந்தக் கலவை மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 55 சதவீதம் குறைத்திருந்தது. இது பின்னோக்கிச் செய்த கணக்கு என்பதால் இன்னும் உறுதிப்பட வேண்டும். ஆனாலும், நோய் முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டவர்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

ஆரோக்கியமான கண் உள்ளவர் வருமுன் காப்பாக இதை எடுத்தால் என்ன? பல பெரிய சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, வைட்டமின் ஈ-யோ பீட்டா கரோட்டினோ மாகுலா சிதைவு வருவதைத் தடுக்கவில்லை என்று தெளிவாகச் சொல்கிறது.

புகைப்பவர்களுக்கான எச்சரிக்கை

கேரட்டிலும் மாம்பழத்திலும் உள்ள பீட்டா கரோட்டின் உடலுக்கு நல்லது. அதையே பிரித்தெடுத்துப் பெரிய அளவில் மாத்திரையாகத் தந்தபோது நடந்தது வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையில், நாளுக்கு 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் வந்தது. அது 1994. புற்றுநோயைத் தடுக்கும் என்று எண்ணித் தொடங்கிய சோதனை அது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையிலும் 28 சதவீதம் அதிகமானதால், 1996-இல் அதை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

கண் ஆய்விலும் இதே நிழல் தெரிந்தது. இரண்டாவது ஏரெட்ஸில் பங்கேற்றவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. லூட்டின் எடுத்தவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை. அதனால் இன்று பரிந்துரைக்கப்படும் கலவையில் பீட்டா கரோட்டின் இருந்த இடத்தில் லூட்டினும் சியாசாந்தினும் இருக்கின்றன. புகைப்பவரும், எப்போதோ விட்டவரும், டப்பாவின் பின்புறத்தில் பீட்டா கரோட்டின் என்ற பெயர் இருந்தால் அதைக் கீழே வைத்துவிட வேண்டும்.

இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. கண்ணைப் பொறுத்தும், புகைபிடிப்பதை விடுவது எந்த மாத்திரையைவிடவும் பெரிய காப்பு. மாகுலா சிதைவின் வாய்ப்பைப் புகை பல மடங்கு உயர்த்துகிறது.

கண்புரை

கண்புரையைத் தடுக்கவோ கரைக்கவோ மாத்திரையாலும் சொட்டு மருந்தாலும் முடியும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முதல் ஏரெட்ஸ் ஆய்விலும், அமெரிக்க மருத்துவர்களிடம் நடந்த நீண்ட வைட்டமின் சி, ஈ சோதனையிலும், தொடக்கத்தில் சொன்ன தென்னிந்தியக் கிராமச் சோதனையிலும் இதே விடைதான்.

அப்படியானால் ரத்தத்தில் வைட்டமின் சி அதிகம் இருந்தவர்களுக்குப் புரை குறைவாக இருந்தது ஏன்? அதே 5,638 பேரிடம் கிடைத்த மற்றத் தகவல்கள் இதற்கு விடை தருகின்றன. வட இந்தியாவில் 74 சதவீதத்தினருக்கும் தென்னிந்தியாவில் 46 சதவீதத்தினருக்கும் இந்தச் சத்துக் குறைபாடு இருந்தது. புகையிலை பயன்படுத்துபவர்கள், விறகும் வறட்டியும் எரியும் அடுப்பில் சமைப்பவர்கள், உடல் மெலிந்தவர்கள், காய்கனி குறைவாக உண்பவர்கள் ஆகியோரிடம் குறைபாடு அதிகம். அதாவது ரத்தத்தில் உள்ள வைட்டமின் சி ஒருவர் வாழும் வாழ்க்கையையே அளந்து காட்டுகிறது. நல்ல உணவும் புகையற்ற அடுப்பும் உள்ள வாழ்க்கை கண்ணின் வில்லையைக் காக்கிறது. அந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வேதிப்பொருளை மட்டும் பிரித்து, ஐந்து ஆண்டுகள் மாத்திரையாகக் கொடுத்தால் அதே பலன் வராதது வியப்பில்லை. சத்துக்குறை உள்ள முதியவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் கொடுத்தால் பயன் இருக்குமா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. ஆனால் புரை வந்து பார்வை மறைத்துவிட்டால் அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. அது எளியது, பலன் உறுதியானது.

கண் அழுத்த நோய்

இங்கேதான் மாத்திரை நம்பிக்கை மிகப் பெரிய தீங்கு செய்யக்கூடும். கிளாக்கோமாவில் இழந்த பார்வை திரும்பாது. கண்ணின் அழுத்தத்தைச் சொட்டு மருந்தாலோ லேசராலோ அறுவை சிகிச்சையாலோ குறைப்பது மட்டுமே நிரூபிக்கப்பட்ட சிகிச்சை.

ஜிங்கோ மர இலையின் சாறு இந்நோய்க்காக விற்கப்படுகிறது. 2003-இல் இத்தாலியில் 27 நோயாளிகளிடம் நடந்த சிறு ஆய்வில், நான்கு வாரத்தில் பார்வைப் புலம் சற்று மேம்பட்டது. பின்னர் சீன நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் அந்தப் பயன் கிடைக்கவில்லை. ஜிங்கோ ரத்தம் உறைவதைத் தளர்த்தக்கூடியது. ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுக்கும் இதய நோயாளிகள் அதைத் தாமாக எடுப்பது ஆபத்து. மஞ்சளில் உள்ள குர்குமினை நுண்துகளாக்கிச் சொட்டு மருந்தாக இட்டபோது எலிகளின் விழித்திரை நரம்பணுக்கள் அழிவது குறைந்தது என்று 2018-இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலியிலிருந்து மனிதருக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. வாயால் உண்ணும் குர்குமின் மிகச் சிறிதளவே ரத்தத்தில் சேரும் என்பதால், மஞ்சள் மாத்திரைக்கு அந்த முடிவைச் சான்றாகக் காட்டவும் முடியாது.

குங்குமப்பூவும் பில்பெரியும்

குங்குமப்பூ ஆய்வுகள் கவனத்துக்குரியவை. இத்தாலியில் 2010-இல் 25 பேரிடமும், சிட்னியில் 2019-இல் 100 பேரிடமும், மாகுலா சிதைவு உள்ளவர்களுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். விழித்திரையின் மின்சைகைகளில் சிறு மேம்பாடு தெரிந்தது. ஆனால் பார்வைப் பலகையில் படிக்கும் எழுத்துகளைக் கணக்கிட்டால், சிட்னி ஆய்வில் கிடைத்த ஆதாயம் சராசரியாக ஓர் எழுத்துக்கும் குறைவு. மூன்று மாத ஆய்வுகள் என்பதால், நோய் முற்றுவதை அது தடுக்குமா என்று இவற்றிலிருந்து சொல்ல இயலாது.

பில்பெரிப் பழத்தின் புகழ், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் அதன் ஜாமைச் சாப்பிட்டு இரவில் நன்றாகப் பார்த்தார்கள் என்ற கதையில் வளர்ந்தது. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த 15 பேரிடம் 2000-இல் சோதித்தபோது இரவுப் பார்வையில் மாற்றம் இல்லை. 2004-இல் 30 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அந்தக் கதைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள்.

நம் மரபில் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, திரிபலா ஆகியவை கண்ணுக்கு உகந்தவை என்று போற்றப்படுகின்றன. பொன்னாங்கண்ணி போன்ற கீரைகளை உணவாக உண்பது நிச்சயம் நல்லது. ஆனால் இவற்றைப் பொடியாகவும் குளிகையாகவும் தருவது முதுமைக் கண்நோயைத் தடுக்கும் என்று காட்டும் பெரிய, நீண்ட சோதனைகள் இன்னும் நடக்கவில்லை. மரபின் மேல் மதிப்பு வைப்பவர்கள்தாம் அந்தச் சோதனைகளை முதலில் கேட்க வேண்டும்.

டப்பாவுக்குள் என்ன?

சோதனையில் வென்ற அளவு கடையில் கிடைக்கும் டப்பாவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் அதிகம் விற்ற 11 கண் மாத்திரைகளை 2015-இல் ஆராய்ந்தபோது, 4 மட்டுமே ஏரெட்ஸ் அளவுகளுக்கு இணையாக இருந்தன. இந்தியாவில் இவை மருந்துச் சட்டத்தின்கீழ் வராமல், பெரும்பாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளின்கீழ் விற்கப்படுகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று லேபிளில் அச்சிட வேண்டும் என்பது விதி. பளபளக்கும் கண்ணின் படத்தைப் பார்க்கும் அளவுக்கு அந்த வரியையும் படிக்க வேண்டும்.

சரியான கலவையும் பக்கவிளைவு இல்லாததன்று. ஏரெட்ஸில் துத்தநாகம் எடுத்தவர்களில் சிறுநீர்ப் பாதைத் தொல்லைகளுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அதிகம். வைட்டமின் ஈ 400 அலகு வீதம் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக வேறொரு பெரிய ஆய்வு 2011-இல் காட்டியது. பயன் உறுதியாக உள்ளவருக்கு இந்த ஆபத்தை எடைபோட்டு ஏற்கலாம். பயனே இல்லாதவர் அதை ஏன் ஏற்க வேண்டும்?

தட்டில் இருப்பது

நூறு கிராம் பச்சைப் பாலக்கில் லூட்டினும் சியாசாந்தினும் சேர்ந்து சுமார் 12 மில்லிகிராம் இருக்கின்றன. சோதனை மாத்திரையில் இருந்ததும் அதே அளவு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கீரைகளை அளந்து, மணத்தக்காளி, சக்கரவர்த்திக் கீரை, கானாவாழை போன்றவற்றில் லூட்டின் மிகுந்திருப்பதைப் பதிவு செய்திருக்கிறது. முருங்கையும் அகத்தியும் இந்த வரிசையில் சேர்பவை. மக்காச்சோளத்தில் சியாசாந்தின் உண்டு. முட்டையின் மஞ்சள் கருவில் அளவு குறைவு என்றாலும் உடலில் எளிதாகச் சேரும். இந்த நிறமிகள் கொழுப்பில் கரைபவை. எனவே முருங்கைக்கீரையை முட்டை போட்டுப் பொரிப்பதும், தேங்காய் சேர்த்து வதக்குவதும் வேதியியல்படியும் சரியான சமையல். நெல்லிக்காயும் கொய்யாவும் வைட்டமின் சி-க்கு ஆரஞ்சை மிஞ்சியவை.

உணவு முழுவதையும் கணக்கில் எடுத்த ஆய்வுகள் ஒரே திசையில் பேசுகின்றன. ரோட்டர்டாமிலும் பிரான்சிலும் 4,996 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், காய்கனி, பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் சார்ந்த மத்தியதரைக் கடல் உணவைப் பின்பற்றியவர்களுக்கு மாகுலா சிதைவு முற்றுவது 41 சதவீதம் குறைவு. அமெரிக்காவில் செவிலியர்களையும் மருத்துவத் துறையினரையும் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வுகளில், கீரையின் நைட்ரேட் அதிகம் உண்டவர்களுக்குக் கிளாக்கோமா 20 முதல் 30 சதவீதம் குறைவு. இவை தொடர்பைக் காட்டுபவை. காரணத்தை நிறுவுபவை அல்ல. ஆனால் கீரை உண்பதால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. வார்ஃபரின் எடுப்பவர்களும் சிறுநீரகக் கல் உள்ளவர்களும் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடிவாக

இத்தனை ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விடை இது: மாத்திரை ஒரே ஒரு நோயின் நடுத்தரக் கட்டத்திலும் அதற்குப் பின்னும், குறிப்பிட்ட கலவையில், குறிப்பிட்ட அளவில் பயன்படுகிறது. மற்ற எல்லோருக்கும் உணவே போதும், புகையை விடுவது அவசியம். ஒருவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதை விழித்திரையைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

நம் ஊரின் உண்மையான குறை அங்கேதான். அரவிந்த் ஆய்வாளர்கள் தமிழகக் கிராமப்புறத்தில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைப் பரிசோதித்து 2003-இல் வெளியிட்ட முடிவில், கிளாக்கோமா இருந்தவர்களில் 93 சதவீதத்தினருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. இவர்களில் ஒருவர் பார்வை மங்குகிறது என்று உணர்ந்து, மருத்துவரிடம் போகாமல் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால், அந்த மாதங்களில் இழக்கும் பார்வையை யாராலும் மீட்டுத்தர இயலாது. நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தால் அது ஈரவகை மாகுலா சிதைவின் அறிகுறியாக இருக்கலாம். உடனே ஊசி மருந்து தொடங்கினால் பார்வையைக் காக்கலாம், காத்திருந்தால் முடியாது.

ஆகவே கண்ணுக்கென்று ஒதுக்கும் பணத்தில் முதல் செலவு, நாற்பது வயது முதல் கண்மணியை விரித்துச் செய்யும் பரிசோதனைக்கு. அடுத்தது கீரைக்கும் பழத்துக்கும். மருத்துவர் விழித்திரையைப் பார்த்துவிட்டு, நடுத்தரக் கட்ட மாகுலா சிதைவு என்று சொல்லி, பீட்டா கரோட்டின் இல்லாத, முழு அளவுள்ள கலவையை எழுதிக்கொடுத்தால் அதைத் தயங்காமல் வாங்கி, விடாமல் சாப்பிட வேண்டும். அவருக்கு அந்த மாத்திரை அவசியம்.